நாங்களா, நாமா?

லண்டனில் எங்கள் பகுதி நூலகத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள், விளக்கப் பலகைகளைத் தமிழில் எழுத ஆள் வேண்டும் என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைக்கும் படித்தவன். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. முன்பின் தெரியாதவர்களோடு பேசவே கூச்சப்படுவேன். மனைவிதான் போய் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னோடு சேர்ந்து எழுத நோர்பரியிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். மதுரைக்காரப் பெண்.

எங்களுக்குக் கிடைத்த பலகையில், போர்க்கப்பலில் சந்தித்த பிரிட்டிஷ் பிரதமரும் அமெரிக்க ஜனாதிபதியும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று, இருவரும் பேசுவதுபோல் நூலகத்தாரே ஒரு வசனம் எழுதியிருந்தார்கள்: போர் முடிந்ததும் எங்கள் ஆட்சியை நாங்களே தெரிவுசெய்வோம் என்ற பொருளில். அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. அந்த வாக்கு ஜெர்மனி பிடித்த நாடுகளுக்குத்தான், இந்தியா போன்ற தங்கள் குடியேற்ற நாடுகளுக்கு அல்ல என்று பிரதமர் பிறகு சொன்னார். இல்லை, உலகம் முழுவதுக்கும்தான் என்றார் ஜனாதிபதி.

பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்த வாக்கை மட்டும்தான் படிப்பித்தார்கள். கீழ் வரியை ஐம்பது வயதில், லண்டனில் வைத்துத்தான் அறிந்தேன். அது தமிழில் வரவேண்டும் என்பதற்காகவே அந்த வேலைக்குச் சம்மதித்தேன்.

என் தமிழைப் பார்த்த டொக்டர் நிமிர்ந்தார்.

"சார், 'நாங்கள்'னு போட்டிருக்கீங்களே, வேணும்னேவா?"

"ஏன் டொக்டர், பிழையோ?"

"'நாங்கள்'னா படிக்கிறவங்க அதுல இல்ல. 'நாம்'னு போட்டாத்தானே எல்லாரும் வருவோம்? சைலண்டா இருந்துக்கிட்டு அரசியல் பண்றீங்களா?"

நான் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் எல்லாவற்றுக்கும் 'நாங்கள்'தான். "நாங்கள் எல்லாரும் போவம்" என்றால் பக்கத்தில் நிற்பவனும் அதில் அடக்கம். 'நாம்' மேடைப் பேச்சுக்கு. இதை அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாரையும் சேர்த்துவிட்டு, கீழ் வரியை அவர் மழுப்பப் பார்க்கிறார் என்றுதான் பட்டது.

அடுத்த வாரம் நூலகத்திலிருந்து செய்தி வந்தது: இடம் போதவில்லை, கீழ் வரியை எடுத்துவிடுங்கள். நூலக அதிகாரியோடு டொக்டர் சிரித்துப் பேசியதை நான் கண்டிருந்தேன். வேறு யாராக இருக்கும்?

அன்றே டொக்டர் எனக்குப் போன் எடுத்தார்.

"அந்த வரிய எடுக்கச் சொன்னது நீங்களா சார்?"

"நானோ? நான் நீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

டொக்டர் சிரித்தார். "கப்பல்ல அந்த ரெண்டு பேரும் இப்படி ஒருத்தர ஒருத்தர் நம்பாமத்தான் கை குலுக்கியிருப்பாங்க."

நானும் சிரித்தேன். முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன்.

"அப்ப 'நாங்கள்'னே இருக்கட்டும் சார். நம்மள சேர்க்கலைங்கறத அந்த ஒரு சொல்லே சொல்லிடும். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். லைப்ரரிக்காரங்களுக்குத் தெரியாது."

அப்படியே அனுப்பினோம்.

திறப்பு நாளில் டூட்டிங்கிலிருந்து வந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை, பலகையை மனைவிக்கு உரக்க வாசித்தார்.

"பாத்தீரே, நாங்களே தெரிவுசெய்வோம் எண்டு கிடக்கு. அப்பவே எங்களையும் சேத்துத்தான் சொல்லியிருக்கிறாங்கள்."

டொக்டர் என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடேறியது. டொக்டரின் ஊர்க்காரருக்குக் கதவைச் சாத்திய சொல், என் ஊர்க்காரருக்கு அதைத் திறந்தே வைத்திருந்தது.

"அண்ணை," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும், "அண்ணை, அது எங்களைச் சேர்க்காத நாங்கள்."

"எங்களைச் சேர்க்காத நாங்களோ? அதென்ன தம்பி, புது இலக்கணம்?"

"ஆளைச் சொல்ல விடுங்கோவன்," என்றார் அவர் மனைவி.

எடுத்துவிட்ட வரியைச் சொன்னேன். பிரதமர் சொன்னது, ஜனாதிபதி சொன்னது, இரண்டையும் நின்ற நிலையில் சொல்லி முடித்தேன். அண்ணையின் முகம் மாறியது. ஆனால் கோபம் அந்தப் பிரதமர்மேல் போகவில்லை.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு ஏன் எழுதாமல் விட்டனீர்? ஆர் வேண்டாம் எண்டது?"

அதிகாரி பிஸ்கற் தட்டோடு மற்றப் பக்கம் நின்றார். டொக்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடம் காணாதாம், அண்ணை."

அவர் பலகையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வசனத்துக்குக் கீழே வெறுமையாய்க் கிடந்த வெள்ளை இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்தார். கை முழுவதும் அதற்குள் அடங்கியது.