சந்தனம் பூசிய வெள்ளை ஓடு

எங்கள் மில்லுக்கு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வந்த வருஷம் சாயப்பட்டறையில் எல்லாருக்கும் கண் தெரியாமல் போயிற்று. பெயர் யார் வாயிலும் நுழையாததால், துணியின் நிறத்தை அளக்கிற அதைக் கலர் மிஷின் என்றோம். துணி எதிரிலேயே கிடந்தாலும் பார்க்க மாட்டார்கள். "முள்ளு என்ன சொல்லுதுங்க?" என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள்.

முள்ளைப் படிப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு லேபில் மின்விசிறிக்குக் கீழே வேலை. அது என்றைக்குப் போகுமோ என்று பயந்துகொண்டேதான் தினமும் சோறு தின்றேன். போனால் பல்லடத்தில் மாமனார் வீட்டுத் தறிக்குழிதான் கதி. அவர் குத்திக்காட்ட மாட்டார். "வாங்க மாப்ள" என்று இழுக்கிற இழுப்பே போதும்.

மிஷினோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை ஓடு வந்திருந்தது. காலையில் முதலில் அதை வைத்து முள்ளை நூறில் நிறுத்த வேண்டும். பிறகு துணியை வைத்தால், அந்த வெள்ளையோடு ஒப்பிட்டு மிஷின் கணக்குச் சொல்லும். ஓட்டில் விரல் படக்கூடாது என்று, பம்பாயில் படித்துவந்த எங்கள் லேப் ஆபீசர் என் உயிரை வாங்குவார்.

ஆயுத பூஜையன்று அதே ஆபீசர் அந்த ஓட்டை வெள்ளித்தட்டில் வைத்து முதலாளி முன் நீட்டினார்.

"இதுதானுங்களா மிசினோட உசுரு?" என்று கேட்ட முதலாளி, கட்டைவிரலால் சந்தனத்தை வழித்து நடுவில் அப்பினார். ஆபீசர் கைகூப்பினார். பம்பாய்ப் படிப்பு அவ்வளவுதான்.

மறுநாள் நான் ஈரத்துணியோடு நின்றேன்.

"மொதலாளி கைப்பட்டதை நீ அழிச்சுப்போடுவியா?" என்றார் ஆபீசர்.

"நீங்க அழிங்க சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்படியே வெச்சுப் படி."

படித்தேன். ஓடு மஞ்சளாகிவிட்டதால், அதோடு ஒப்பிட்ட காக்கிக்கு மஞ்சள் போதவில்லை என்றது முள். சேர்த்தார்கள். இன்னும் போதவில்லை என்றது. இன்னும் சேர்த்தார்கள். சாய மேஸ்திரி அந்தத் துணியில் ஒரு முழத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க சார், காமாலை மிசினுக்குங்களா, நம்மளுக்குங்களா?"

"முள்ளு சரியாத்தான் இருக்குது" என்றார் ஆபீசர்.

"அப்பச் சரிங்க" என்று போய்விட்டார். அவருக்கும் காரணம் தெரியும். பட்டறையில் தெரியாதவர் ஒருத்தருமில்லை. எல்லாரும் பக்தியோடு துணியைப் பாழாக்கினோம்.

டிரைவர் உடுப்புக்கென்று வாங்கிய வியாபாரி அத்தனை காக்கியையும் திருப்பியனுப்பினார். 'பழனிக்குப் போறவங்களுக்கு வித்துக்குங்க' என்று லாரிக்காரரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

முதலாளி நேராக லேபுக்கு வந்தார். ஆபீசர் முந்திக்கொண்டார்: "முள்ளைப் படிக்கற ஆளு சரியில்லீங்க. படிப்பில்லாதவருங்க."

மாமனாரின் "வாங்க மாப்ள" என் காதில் கேட்டது. தைரியத்தில் அல்ல, அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தது. "ஏனுங்க மொதலாளி, அந்தச் சந்தனத்தைத் தொடைச்சுப்போடலாமுங்களா? அதாலதானுங்க துணி மஞ்சளாப் போவுது."

முதலாளி ஓட்டைப் பார்த்தார். ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர், இப்போதுதான் கண்டவர்போல, "அட, ஆமாங்க" என்றார்.

"பூசையில வெச்சதை ஆராச்சும் தொடைப்பாங்களா? வேற ஓடு வரவெச்சுக்குங்க" என்றார் முதலாளி. பிறகு என்னிடம், "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

சந்தன ஓடு முதலாளி அறையில், சாமி படங்களுக்கு நடுவே ஏறியது. என் வேலை தப்பியது. வெள்ளிக்கிழமைகளில் அந்த ஓட்டுக்குப் பூ வைப்பதும் அதில் சேர்ந்துகொண்டது. ஆபீசர் தவறாமல் வந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார்.