சோடா வைக்காத விருந்து

சுதர்சினி விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் அவளிடம் கடலைப் பற்றிக் கேட்பதில்லை. அவள் பார்த்த ஊர்களைப் பற்றியும் கேட்பதில்லை. "கப்பல்ல என்னா புள்ள சாப்பாடு போடுவாங்க?" என்றுதான் கேட்பார்கள். அவளும் சலிக்காமல் பிரஞ்ச் கதையைத் தொடங்குவாள். உல்லாசப் பயணக் கப்பல் ஒன்றில் அவளுக்குப் பஃபே மேசையில் வேலை. பெரகலைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்திலிருந்து கப்பலேறிய முதல் பெண் அவள்தான்.

கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே ஓடும் நாளில், காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி முற்பகலில் வைக்கிற விருந்துக்குத்தான் பிரஞ்ச் என்று பெயர். அதைச் சாப்பிடுவதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும் என்பாள்.

"மொதல்ல தட்டத் தொடவே கூடாது. வெறுங்கையோட ஒரு சுத்து சுத்தி வரணும். வாசல்லயே வகை வகையாக் கோதும மாப் பாண் அடுக்கி வச்சிருப்போம், கண்ணப் பறிக்கும். வெவரம் தெரியாத ஆளு அத அள்ளி வயித்த நெப்பிக்கிட்டு, எறால் இருக்க பக்கம் வந்து சேர்றப்போ மூச்சு வாங்குவான். ஆம்லட் சுடுற எடத்துலதான் பெரிய வரிசை. பொறுமையா நின்னு வாங்கணும், வெங்காயமா மொளகாவான்னு கேட்டுக் கேட்டுச் சுட்டுத் தருவாங்க. கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். பத்துவாட்டி போனாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"பத்துவாட்டியா!" என்று வாய் பிளப்பார்கள். கேட்டவர்கள் மேட்டு வரிசை வீடுகளில் இருக்கும் மேல் லயத்தாராக இருந்தால், வாசலுக்கு வெளியே நின்றபடியே முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று கிளம்பிவிடுவார்கள்.

அந்தத் தேத்தண்ணி ஏன் வேண்டாம் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். சுதர்சினியின் அம்மா ராசம்மா வாசக்கூட்டியாக இருந்தவள். லயத்துச் சாக்கடைக் கான்களையும் கக்கூசுகளையும் கழுவித் துப்புரவாக்குகிற வேலை அது. அந்தக் குடும்பத்தின் தலையில் எந்தக் காலத்திலோ அதைக் கட்டிவிட்டார்கள். அவள் ஓய்வு பெற்ற பிறகும் தலையை விட்டு இறங்கவில்லை.

இப்போதெல்லாம் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. காலம் மாறிவிட்டதாம். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனால் எல்லாரும் ஒன்று, தொழிற்சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒன்று, ஓட்டுப் போடும்போது கேட்கவே வேண்டாம். ஆனால் ராசம்மாவின் சனங்கள் வீட்டில் ஒரு கலியாணம் என்றால் மேல் லயத்தார் வருவார்கள், மொய் எழுதுவார்கள், மூடி திறக்காத சோடாப் போத்தல் ஒன்றை வாங்கிக் குடிப்பார்கள், அப்போதுதான் உடைத்த பைக்கற்றிலிருந்து ஒரு பிஸ்கட் எடுப்பார்கள், அவசர வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விடுவார்கள். அந்த வீட்டு அடுப்பில் வெந்தது எதுவும் அவர்கள் நாக்கில் படாது. மேல் லயத்துக் கலியாணம் என்றால், ராசம்மா பின்பக்கமாகப் போய் நின்று, கொண்டுபோன ஏனத்தில் வாங்கிக்கொண்டு வருவாள். என்ன மரியாதையான ஏற்பாடு! ஒருவரையும் ஏசவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை. போத்தலுக்குள் சோடாவை அடைத்து மூடி போட்டவனுக்குத்தான் இவர்கள் கோவில் கட்ட வேண்டும்.

இந்தத் தோட்டத்திலிருந்து எல்ல என்னும் சுற்றுலா ஊருக்குப் போய், அங்கே ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசை துடைத்துப் பழகி, அங்கிருந்துதான் சுதர்சினி கப்பலுக்குப் போனாள். முதல் பிரஞ்ச் நாளில் அவளை வாசலில் நிறுத்தி, வருகிறவர்களின் கைகளில் கிருமிநாசினி தெளிக்கச் சொன்னார்கள். தெளித்துக்கொண்டே அவள் வரிசையைப் பார்த்தாள். பெரிய அறையில் கூடுதல் காசு கொடுத்து வந்த பணக்காரக் கிழவர், ஆயுசுக்கு ஒரு தடவை என்று சேர்த்து வைத்து வந்த லொறிச் சாரதிக்குப் பின்னால் நின்றார். சாரதி கறியை எடுத்துக்கொண்டு கரண்டியை வைத்தான். கிழவர் அதே கரண்டியை எடுத்தார். யாராவது ஒருவர் கையைப் பின்னுக்கு இழுப்பார் என்று அவள் காத்துக்கொண்டே நின்றாள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று எத்தனையோ கைகள் வந்துபோயின. ஒருவரும் இழுக்கவில்லை. அன்று இரவு கட்டிலில் படுத்து அழுதாள். சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கப்பல் ஒன்றும் சொர்க்கம் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். வேலைக்காரர்களுக்குக் கீழே தனிச் சாப்பாட்டு அறை, அதிகாரிகளுக்கு இன்னொன்று. அங்கேயும் மேல் கீழ் உண்டு. ஆனால் ஒருவர் தொட்ட கரண்டியை மற்றவர் தொடுகிற அந்தக் காட்சி மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது.

போன வருடம் தம்பி கிரிஷாந்தனுக்குக் கலியாணம் நிச்சயமானது. பெண் நிஷாந்தினி, வெலிமடைப் பக்கம். சனிக்கிழமை கோவிலில் தாலி கட்டு, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பந்தலில் தோட்டத்துக்கே விருந்து. விருந்து தன் பொறுப்பு என்று சுதர்சினி சொல்லிவிட்டாள்.

"பஃபேதான். எல்லாரும் வரிசையில வந்து எடுத்துச் சாப்பிடணும். சோடா ஒரு போத்தலும் வாங்கப் போறதில்ல. பிஸ்கட்டும் இல்ல."

ராசம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னாடி பேசுற? அவங்க எப்புடி எடுப்பாங்க? சாப்புடாமப் போனா சம்பந்தி வீட்டாளுங்க முன்னுக்கு நம்ம மானம் போயிரும். ஒன் தம்பி அந்தப் புள்ளகிட்ட, எங்க தோட்டத்துல மேல் கீழெல்லாம் இல்லேன்னு சொல்லி வச்சிருக்கான்."

"சோடா குடிச்சிட்டுப் போனா மட்டும் மானம் நிக்குமா?"

 அன்றிலிருந்து கலியாணம் வரைக்கும் ராசம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை.

செய்தி தலைவர் தம்பையாவின் காதுக்குப் போனது. தோட்டத்தில் சங்கத் தலைவர், மேல் லயத்துப் பெரிய மனிதர், எந்த விருந்திலும் முதல் பந்தியில் முதல் இலை அவருடையது. அவர் ராசம்மா வீட்டு வாசலுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார்.

"புள்ள, நீ ஒலகம் சுத்துன ஆளு. ஒனக்குத் தெரியாததில்ல. கொரோனாவுக்குப் பொறகு ஊரே ஒரு கரண்டியப் புடிக்கிறது சொகாதாரமில்லையே?"

சுகாதாரம்! ஊர்க் கக்கூசையெல்லாம் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தவளின் வாசலில் நின்று இந்த மனிதர் சுகாதாரம் பேசுகிறார். சுதர்சினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"பந்தல் வாசல்லயே கை கழுவ சவுக்காரமும் தண்ணியும் வைக்கிறேன் தலைவரே. கரண்டிய அடிக்கடி மாத்திக் கழுவுறேன். கப்பல்ல அதுதான் என் வேல."

தம்பையா பேச்சை மாற்றினார். "அப்ப ரெண்டு மேசையாப் போடேன். எங்காளுங்க ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். சமையலுக்கு நானே ஆளு அனுப்புறேன்."

"மேசை ஒன்னுதான். சமையலும் எங்களோடதுதான்."

"அம்புட்டுத் திமிரு ஆவாது புள்ள. ஒருத்தனும் தட்டத் தொட மாட்டான், பாத்துக்க."

"தொடாதவங்க தொடாமப் போகட்டும் தலைவரே. வாங்கன்னு கூப்பிடுறது எங்க மரியாதை. அதுக்கு மேல கெஞ்ச மாட்டோம்."

அவர் போனதும் ராசம்மா சுவரோரமாகக் குந்தி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மகளுக்கு அது நெஞ்சில் அறைந்தது போல இருந்தது. ஒரு நிமிடம், சோடா வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நேரே பதுளைக்கு பஸ் ஏறி, ஷிபானின் வாடகைக் கடையில் மூடி போட்ட பஃபே சட்டிகளைச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மைதானத்துப் பந்தலுக்குள் வெள்ளைத் துணி விரித்த ஒரே நீள மேசை. கப்பலில் கற்ற தந்திரத்தை அவள் தன் ஊரில் காட்டவில்லை. வயிற்றை நிரப்புகிற பண்டத்தை முன்னுக்கு வைத்து ஏமாற்றவில்லை. முதல் சட்டியிலேயே கோழிக்கறி. அடுத்து இடியப்பம், சொதி, கட்டச் சம்பல், வெலிமடை உருளைக்கிழங்குப் பிரட்டல், லீக்ஸ் சுண்டல், பருப்பு, கடைசியில் நறுக்கிய அன்னாசியும் பப்பாசியும். மேசையின் முடிவில் காஸ் அடுப்பு. அதன் முன்னால் வெள்ளைத் தொப்பியோடு சுதர்சினி, கேட்பவருக்குக் கேட்டபடி ஆம்லட் சுட.

ராசம்மாவின் சனங்களான கீழ் லயத்தார் வந்தார்கள், சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மேல் லயத்தாரும் வந்தார்கள். மொய் எழுதினார்கள், கதிரைகளில் உட்கார்ந்தார்கள், சோடாவைத் தேடினார்கள். மேசைப் பக்கம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மேல் லயத்தார் எழும்பாததால் கீழ் லயத்தாரும் எழும்பவில்லை. மேல் லயத்தாருக்கு முந்திச் சாப்பிட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. சம்பந்தியம்மா ஒன்றும் விளங்காமல் மகளைப் பார்த்தாள். கிரிஷாந்தனின் முகம் கறுத்துவிட்டது.

சுதர்சினி அடுப்பை அணைத்துவிட்டுப் பந்தலின் பின்பக்கம் போனாள். ராசம்மா அங்கே பட்டுச்சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அண்டா கழுவிக்கொண்டிருந்தாள்.

"எழும்பு அம்மா. மாப்பிள்ளைக்கு அம்மா நீ. வா, முதல் தட்டு நீ எடு."

"ஐயோ, நானா? வேணாண்டி. அவங்க எடுக்கட்டும் மொதல்ல."

"அவங்க எடுக்கிற வரைக்கும் நீ பின்னுக்கே நிப்பியா? எத்தன காலத்துக்கு?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தாள். இத்தனை பேர் பார்க்க ராசம்மா மேசைமுன் நின்றாள்.  கோழிக்கறிச் சட்டியின் மூடியைத் திறந்தாள், கரண்டியை எடுத்தாள், ஒரு துண்டு போட்டுக்கொண்டாள், கரண்டியை மீண்டும் சட்டியிலேயே வைத்தாள்.  இனிமேல் அந்தச் சட்டியிலிருந்து எடுக்கிற எவரும் ராசம்மா பிடித்த கரண்டியைத்தான் பிடிக்க வேண்டும்.

தம்பையா எழுந்தார். "எழும்புங்க, போவோம்" என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். கதிரைகள் நகர்ந்தன. கிட்டத்தட்டப் பாதிப் பந்தல் அவர் பின்னால் வெளியேறியது.  அவர் சொன்னது போலவே நடக்கிறது என்று சுதர்சினி நினைத்தாள். ஆனாலும் திரும்பி வந்து அடுப்பை மூட்டினாள்.

பந்தல் வாசலில் தம்பையா திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி பாக்கியலெட்சுமியைக் காணவில்லை. அவள் கைகழுவிவிட்டு, ராசம்மாவுக்குப் பின்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பாக்கியம்! இங்க வா!"

"நீங்க போங்க. நா சாப்புட்டுட்டு வாறேன்."

"ஒனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

பாக்கியலெட்சுமி பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "கலியாணம் பண்ணிக்கிட்ட நாள்லருந்து நீங்க எழும்புன்னா எழும்புறேன். நல்ல சாப்பாட்ட மோந்து பாத்துட்டு, வெறும் சோடாவக் குடிச்சிட்டு வந்து, வீட்டுல நாந்தான் திரும்பவும் ஒல வைக்கிறேன். இன்னைக்கி எனக்கு ஏலாது. பசிக்குது." பிறகு ராசம்மா வைத்த கரண்டியை எடுத்தாள். இரண்டு துண்டு போட்டுக்கொண்டாள். அடுப்புப் பக்கம் பார்த்து, "எனக்கு மொளகா கூடப் போட்டு ஒரு ஆம்லட் சுடு புள்ள" என்றாள்.

அதற்குப் பிறகு கீழ் லயத்தார் எழுந்தார்கள், சம்பந்தி வீட்டார் எழுந்தார்கள். வெளியே போகாமல் நின்றுவிட்ட மேல் லயத்துப் பெண்களில் கொஞ்சப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வந்து வரிசையில் சேர்ந்தார்கள். ஆண்களில் வந்தவர்கள் குறைவு. போனவர்கள் போனவர்கள்தான், அவர்களில் சிலர் இன்றுவரை சுதர்சினி எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால் அவள் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

தம்பையா மட்டும் போகவும் இல்லை, வரவும் இல்லை. மனைவியை விட்டுவிட்டுத் தனியாக லயத்துக்குப் போனால் ஊர் சிரிக்கும். உள்ளே வந்தால் தோற்றதாகிவிடும். வெயிலில் கொய்யா மரத்தடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ராசம்மாவும் பாக்கியலெட்சுமியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து சாப்பிட்டார்கள். ராசம்மா முதலில் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பக்கத்தில் மற்றவள் எலும்பைக் கடித்து உறிஞ்சுவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கும் உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பாக்கியலெட்சுமி வெளியே எட்டிப் பார்த்தாள். ஆயிரம் இருந்தாலும் புருஷன்.

"ராசம்மா, அந்த மனுசன் காலையில ஒரு வாய் தேத்தண்ணிதான் குடிச்சிச்சு. ஒரு தட்டுல போட்டு வெளியில குடுத்து விட்டா திம்பாரு. யாரு கண்ணுக்கும் தெரியாது."

ராசம்மா பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டாள். அடுப்பருகே சுதர்சினி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.  ராசம்மா வாசலைப் பார்த்தாள், தன் தட்டைப் பார்த்தாள், திரும்பவும் உட்கார்ந்தாள்.

"வெளியில வேணாங்க தலைவரம்மா," என்றாள். "பசிச்சா உள்ள வந்து எடுத்துச் சாப்புடச் சொல்லுங்க. நெறையா இருக்கு."

தம்பையா அன்று பசியோடுதான் வீட்டுக்கு நடந்தார். ராசம்மா இரண்டாம் தடவை எடுத்துக்கொள்ள எழுந்து போனாள். யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை.