பின்பக்கத்து கேட்

வீடு பார்க்க வருகிறவர்களிடம் ஸ்டெபி நடை நேரத்தை ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள். பாளையங்கோட்டை மகாராஜநகரில், உழவர் சந்தைக்குப் பின்னால் புதிதாக எழும்பிய ஐந்து மாடிக் குடியிருப்பின் விற்பனை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சேர்ந்த வாரமே மேனேஜர் காந்திமதிநாதன் நோட்டீஸ் கட்டு ஒன்றை அவள் மேசையில் வைத்தார். ‘எல்லாமே நடக்கிற தூரத்தில்’ என்று மேலே கொட்டை எழுத்து. சந்தைக்கு மூன்று நிமிடம், பிள்ளையார் கோயிலுக்கு ஆறு, பள்ளிக்கூடத்துக்கு ஐந்து. ஸ்டெபி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் நடந்தாள். பள்ளிக்கூடம் எட்டு நிமிடம் வந்தது.

“அண்ணாச்சி, இதை எட்டுன்னு மாத்திருங்க.”

“மூணு நிமிசத்துல என்னம்மா ஆயிரப்போவுது?”

“பிள்ளையக் கையில புடிச்சிக்கிட்டு நடக்கவளுக்கு அது தெரியும்” என்றாள். நோட்டீஸை மாற்றி அடித்தார்கள்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளும் கணவன் ஜெபஸ்டினும் இப்படி ஒரு நோட்டீஸை நம்பித்தான் கிருஷ்ணாபுரம் தாண்டி மனை வாங்கி வீடு கட்டினார்கள். ‘பஸ் ஸ்டாப் அருகில்’ என்றது அந்த நோட்டீஸ். திருச்செந்தூர் ரோட்டில் பாதை பிரியும் விலக்கில் இறங்கி, இரண்டு பக்கமும் முள் உடைமரம் அடர்ந்த மண்பாதையில் அரை மணி நேரம் நடக்கவேண்டும். சுற்றிலும் கல் நட்ட மனைகள். வீடுகள் நாலே நாலு. கொத்தமல்லி வேண்டுமென்றால்கூட ஜெபஸ்டின் பைக்கை எடுக்கவேண்டும். மகள் ஷெரின் காலை ஏழு மணிக்கே வேனில் ஏறி, வாரத்தில் இரண்டு நாள் வாந்தி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். பாளையங்கோட்டைக்குள் முருகன்குறிச்சியில் வாடகை வீட்டில் பிறந்து வளர்ந்தவள் ஸ்டெபி. கடையும் சர்ச்சும் ஆளரவமும் இல்லாத அந்த வெட்டவெளி அவளுக்கு ஒருநாளும் பழகவில்லை. ஆனால் சொந்த வீடு. யாரிடம் போய்க் குறை சொல்வது?

அதனால் வீடு வாங்க வருகிற எல்லார் மேலும் அவளுக்குப் பொறாமை. “பால்கனி சின்னதா இருக்கே” என்று அவர்கள் உதட்டைப் பிதுக்கும்போது வயிறு எரியும். முகம் மட்டும் சிரித்தபடி இருக்கும். பெயர் தெரியாதவர்கள் மேல் வந்த பொறாமை, சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் அடங்கிவிடும்.

பிருந்தா வந்தது ஆனி மாதம், காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை.

“ஏட்டி, ஸ்டெபிதானே நீ?”

இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு வரை ஒரே மிஷன் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டார்கள். மரியாள் வேஷம் தனக்குத்தான் என்று ஸ்டெபி அம்மாவின் நீலச் சேலையை மடித்துத் தைத்துக் கொண்டுபோனாள். டீச்சர் அந்தச் சேலையை வாங்கி, “பிருந்தாவுக்குத்தான் முகவெட்டு பொருந்துது” என்று அவளுக்கு உடுத்திவிட்டார். சைவப்பிள்ளை வீட்டுப் பெண் நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டு மரியாளாக உட்கார்ந்திருக்க, சர்ச் உபதேசியார் குடும்பத்து ஸ்டெபி அட்டை நட்சத்திரத்தைக் கம்பில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். பிருந்தா அந்த வேஷத்தைக் கேட்டு வாங்கவில்லை. எதையுமே அவள் கேட்டு வாங்கியதில்லை. தானாக வந்து அவள் மடியில் விழும். அதைத்தான் ஸ்டெபியால் தாங்க முடிந்ததில்லை.

இப்போது பிருந்தா வங்கி அதிகாரி. கோயம்புத்தூரிலிருந்து மாற்றல் வாங்கி வந்திருந்தாள். வீட்டில் அவளோடு அம்மா சொர்ணாம்பாளும். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

“அம்மை யார் துணையும் இல்லாம கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பணும். அப்படி ஒரு வீடு பாக்குதேன்” என்றாள் பிருந்தா.

அவளுக்குப் பிடித்தது இரண்டாவது மாடியில் கிழக்குப் பார்த்த வீடு. ஆறு மாதமாக மத்தியானம் அந்தக் காலி வீட்டில் உட்கார்ந்துதான் ஸ்டெபி டிபன் பாக்ஸைத் திறப்பாள். பால்கனிக்கு வெளியே வாகைமரம் தலையசைக்கும். அடுப்படியில் எங்கே மிக்சி வைப்பது, ஷெரினுக்குப் படிக்கிற மேசையை எந்தச் சன்னலோரம் போடுவது என்பதுவரை மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். வாங்க வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பிருந்தா அந்தச் சன்னலைத் திறந்து “நல்லா காத்து வருதுட்டி” என்றபோது, தன் வீட்டுக்குள் யாரோ செருப்போடு நுழைந்த மாதிரி இருந்தது.

கீழே இறங்கியதும் பிருந்தா சுற்றுச்சுவரில் இருந்த சின்ன கேட்டைக் காட்டினாள். “கோயிலுக்கு இங்கன கூடிப் போவலாமா? நோட்டீஸ்ல ஆறு நிமிசம்னு போட்டிருக்கே.”

போகலாம். அந்த கேட்டைத் தாண்டினால் நிழல் விழுந்த சந்து. ஒரு வண்டி குறுக்கே வராது. காலை ஐந்து மணிக்கே வாட்ச்மேன் திறந்துவிடுவார். அன்று காற்றுக்குத் தூசி வருகிறதென்று சாத்தி மட்டும் வைத்திருந்தார்.

“அது பூட்டியேதான் கெடக்கும்” என்றாள் ஸ்டெபி. தன் வாயா அதைச் சொன்னது என்று அவளுக்கே இருந்தது. “நோட்டீஸ்ல உள்ளது பழைய கணக்கு. இப்பம் ரோட்டைச் சுத்தித்தான் போவணும். வா, நடந்தே காட்டுதேன்.”

முன்வாசல் வழியாக மெயின் ரோட்டுக்குக் கூட்டிப்போனாள். உச்சி வெயில். டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப்போனது. சாக்கடைக்கு மேல் போட்ட கல் பலகை ஆடியது. கோயில் வாசலுக்கு வரப் பதினான்கு நிமிடம் ஆனது. பிருந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அம்மைக்கு அரை மணி நேரம் ஆவும். சரிவராது” என்றவள் ஸ்டெபியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லவேளை, நீ இருந்த. வேற யாராவதுன்னா மறைச்சு வித்திருப்பாங்க.”

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் ஸ்டெபிக்குக் கால் வலிக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஷெரினுக்குப் பிடித்த சேமியா பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று ஜெபஸ்டின் கேட்டதற்கு, சும்மாதான் என்றாள்.

அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூட நிற்கவில்லை. வள்ளியூர்க்காரர் ஒருவர் அந்த வீட்டைப் போனிலேயே பேசி முடித்து, பிறகு வந்து பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். குடிவரும் எண்ணம் அவருக்கு இல்லை. ஸ்டெபி அன்றிலிருந்து அலுவலக மேசையிலேயே சாப்பிட்டாள்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. அடுத்த நாள் காலையில் பிருந்தா அலுவலகத்துக்குள் நுழைந்தாள். காந்திமதிநாதன் எதிரே இருந்தார்.

“நேத்து அம்மையக் கோயிலுக்குக் கூட்டிட்டு வந்தேன். அந்தச் சந்துக்குள்ள இருந்து ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. பின்னால கேட்டைத் தொறந்தாச்சா?” முகமெல்லாம் சிரிப்பு. “எனக்காக நீதான் சொல்லித் தொறக்க வச்சியாட்டி?”

“அது கட்டின நாள்ல இருந்து தொறந்துதானம்மா இருக்கு” என்றார் காந்திமதிநாதன். “பூட்டியிருக்குன்னு யார் சொன்னா?”

பிருந்தா திரும்பி ஸ்டெபியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலில் கேள்வி இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

“யாரும் சொல்லல அண்ணாச்சி. நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பிருந்தா வெளியே நடந்தாள்.

ஸ்டெபி அவள் பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள். “பிருந்தா, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கல?”

“ஒன் வேலை போயிரும். அதான்.”

“நான் வந்து...”

“ஒண்ணும் சொல்லாத. மன்னிச்சிட்டேன்னும் நெனைச்சுக்கிடாத” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

வெட்கத்தில் ஸ்டெபிக்குக் காதுமடல் சுட்டது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் அந்தப் பழைய எரிச்சல் அப்படியேதான் இருந்தது. பெருந்தன்மையும் அவளுக்கேதானா? அந்த வேஷமும் அவளுக்குத்தான் பொருந்துமா?

பிருந்தா நாலாவது மாடியில் மீதியிருந்த மேற்குப் பார்த்த வீட்டை வாங்கிக்கொண்டு ஐப்பசியில் குடிவந்தாள். சொர்ணாம்பாள் தினமும் லிஃப்டில் இறங்கி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பைய அந்தச் சந்தில் நடந்துபோவதை ஸ்டெபி அலுவலகச் சன்னல் வழியாகப் பார்ப்பாள். சாயங்காலம் பிருந்தா கையில் ஒரு துணிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டில் போடுகிற ரப்பர் செருப்போடு சந்தைக்குப் போய் வருவாள். அந்த ரப்பர் செருப்புதான் ஸ்டெபியை ரொம்பப் படுத்தியது.

ஒருநாள் மழையில் விலக்கிலிருந்து சேறு மிதித்து வீடு போய்ச் சேர்ந்தவள், நனைந்த சேலையோடு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். ஜெபஸ்டின் பதறிப்போனான். பிருந்தாவை ஏமாற்றியதையும், டிபன் பாக்ஸோடு காலி வீட்டில் உட்கார்ந்திருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“இந்த மனையப் பாத்துட்டு வந்தது நான்தான். ஒனக்குப் பிடிச்சிருக்குன்னுல்லா நெனைச்சிருந்தேன்” என்றான்.

“சொந்த வீடாச்சேன்னு சொல்லல.”

“அதுக்காக இங்கனேயே கெடந்து சாவணுமா? டவுனுக்குள்ளயே வாடகைக்கு ஒரு வீடு பாரு.”

அவள் பார்த்தாள். தை பிறந்ததும் அந்தப் பிள்ளையார் கோயில் சந்துக்கு அடுத்த தெருவில், ஒரு வீட்டு மாடிப் போர்ஷனுக்கு மாறினார்கள். இரண்டே அறை. படிக்கட்டு செங்குத்து; தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆனால் ஷெரின் தோழிகளோடு கதை பேசிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வாந்தி நின்றது.

எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தால், யார் கண்ணிலும் படாமல் ஒதுங்க இடமிருக்காது என்பதைத்தான் ஸ்டெபி யோசித்திருக்கவில்லை. பால் பூத்தில் பிருந்தா நிற்பாள், மருந்துக்கடையில் நிற்பாள், தையல்காரரிடம் துணி கொடுக்கப்போனால் அங்கேயும். ஒருநாள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. சொர்ணாம்பாளுக்கு எதுவும் தெரியாது. “வீட்டுப்பக்கம் வாரதே இல்லையே மக்ளே” என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் பிருந்தா வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உழவர் சந்தையில் கீரைக்காரம்மாவிடம் முருங்கைக்கீரை ஒரே ஒரு கட்டு மீதி இருந்தது. ஸ்டெபி குனிந்து கை நீட்டும் முன்பே இன்னொரு கை அதை எடுத்துவிட்டது. நிமிர்ந்தாள். பிருந்தா.

“வேணும்னா பாதி தரட்டா?” என்று கேட்டிருந்தால் ஸ்டெபி செத்தே போயிருப்பாள். பிருந்தா கேட்கவில்லை. கட்டை உதறிப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தவள், திரும்பாமலே சொன்னாள்.

“நாளைக்கு வெள்ளன வா. ஆறு மணிக்கெல்லாம் தீந்துருது.”

ஸ்டெபி வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வழியெல்லாம் எரிச்சலாகத்தான் இருந்தது. நல்ல இளங்கீரை அது. ஜெபஸ்டினிடம் சொன்னபோதுகூட, “அவளுக்கு மட்டும் எல்லாம் எப்படித்தான் முந்திக் கெடைக்குதோ” என்றாள். சொல்லிவிட்டு, மறுநாள் ஐந்தரை மணிக்கு அலாரம் வைத்தாள்.