ரங்கூனிலிருந்து அதே கடிதம்

தொண்ணூறாம் ஆண்டு பர்மாவில் தேர்தல் நடந்தபோது நான் பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலையில் இருந்தேன். அம்மா ரங்கூனில் பிறந்தவள். அறுபதுகளில் அங்கே ராணுவ ஆட்சி வந்ததும் கப்பலேறி, கோவைக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய தங்கை மட்டும் அங்கேயே வாழ்க்கைப்பட்டுத் தங்கிவிட்டாள்.

தேர்தல் முடிந்து சில வாரத்தில் சித்தியின் கடிதம் வந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு ஓட்டுப் போட்டார்களாம். சித்தப்பா ராணுவத்தை எதிர்த்து நின்ற கட்சியின் ஏஜெண்டாக வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருந்தாராம். வரிசையில் நின்ற யாருமே பேசவில்லை, கைக்குழந்தைகள்கூட அழவில்லை என்று எழுதியிருந்தாள். ராணுவம் தோற்றுவிட்டதாக ரேடியோவில் கேட்டிருந்த அம்மா, அன்று கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள்.

அடுத்த கடிதத்துக்கு ஐந்து மாதமாயிற்று.

"நாங்கள் அனைவரும் நலம். மழை நன்றாகப் பெய்தது. இங்கே ஒரு குறையும் இல்லை."

அவ்வளவுதான். அதற்கடுத்த கடிதத்திலும் அதே மூன்று வரிகள். கோடையில் எழுதியதிலும் மழை நன்றாகப் பெய்திருந்தது.

"நல்லாத்தானுங்க இருக்கறாங்க, எதுக்குங்க வெசனப்படறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

அம்மா அவற்றில் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்தின்மேல் எழுத்து அச்சாக உட்கார்ந்தது.

"எழுத்து அவளோடதுதான் கண்ணு. ஆனா பேசறது அவ இல்லே."

நான்கு வருடம் அப்படியே வந்துகொண்டிருந்தது. பிறகு சித்தியின் தெருக்காரர் ஒருவர் கண் ஆபரேஷனுக்காகக் கோவைக்கு வந்தார். எங்கள் வீட்டுக் கதவைத் தானே சாத்திவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

"தேர்தல் முடிஞ்சு மூணாம் மாசம் தங்கச்சி வீட்டுக்காரரை ராணுவத்துக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்கேன்னு தெரியலை. இப்படித்தான் எழுதணும்னு தங்கச்சிகிட்ட ஒரு தாள் கொடுத்திருக்காங்க. அதை அடியிலே வச்சு எழுதுது."

அன்றைக்கே அம்மா சித்திக்கு எழுதினாள்: "நாங்களும் நலம். இங்கேயும் மழை நன்றாகப் பெய்தது." கோவையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஏம்மா இப்படி எழுதறே?"

"நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரியோணுமில்ல?"

இரண்டு வருடம் கழித்து அந்தத் தெருக்காரரின் மகன் ஒரு சீட்டை நேரில் கொண்டுவந்து கொடுத்தான். வரிகள் கோணலாக ஓடின.

"அவர் வந்துவிட்டார் அக்கா. சாப்பிடுகிறார், தூங்குகிறார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை."

அம்மா பதில் எழுத உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை ஒரு வரிகூட எழுதவில்லை.