டோப்பாவுக்குச் சாம்பிராணி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காய்ச்சலில் என் கூந்தலெல்லாம் கொட்டிப்போனது. ரவாங் தொழிற்சாலை வேலைக்கு நைலான் டோப்பா வைத்துக்கொண்டுதான் போவேன். வேர்வையில் ஊறிய அதைப் பச்சைத் தண்ணீரில் அலசி, நுனியிலிருந்து மெல்லச் சீவி, பால்மாவு டின்னின் மேல் கவிழ்த்து நிழலில் காயவைப்பேன். நெருப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, கால் வீங்க நின்று வேலை முடித்துப் பத்தாங் காலி தோட்டத்து லயத்து வீட்டுக்குள் நுழைந்தால், பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அம்மா டோப்பாவுக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணித் தணலுக்கு மேல் பிடித்திருந்தாள். முன்பக்க முடி சுருண்டு ஒட்டிப்போயிருந்தது.

“அது நைலான்மா! முடியா அது? நாளைக்கு எதை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போவேன்?” என்று கத்தினேன்.

அம்மா தணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நைலான்னு தெரியும் லா. வெள்ளிக்கிழமையானா கை சும்மா இருக்க மாட்டேங்குது. உன் தலைக்குப் புகை போட்டு எத்தனை மாசமாச்சு.”

டோப்பாவை அம்மா கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, மொட்டைத் தலையைப் புகைக்கு மேல் குனிந்து கொடுத்தேன்.