இன்டர்நெட் வந்தா ஓடும்

திருவொற்றியூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில்தான் நான் புரோகிராமிங் படிக்கப் போன கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கல்லூரி முடித்திருந்தேன், வேலை கிடைக்கவில்லை. அங்கே ஒன்பது கம்ப்யூட்டர், ஒரு ஏசி, ஒரு மாஸ்டர். இன்டர்நெட் மட்டும் கிடையாது. கேட்டால், "அடுத்த வாரம் கேபிள் வந்துரும்மா" என்பார். என் பட்டன் போனைக்கூட வாசலில் வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

மாஸ்டர் பாடம் நடத்தும் அழகே தனி. கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு. அதைப் பார்த்து போர்டில் புரோகிராம் எழுதுவார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். எதற்கு, ஏன் என்று ஒரு சொல் வராது. பிறகு கம்ப்யூட்டரில் அடிப்போம். நாலு வரி தாண்டிய எதுவும் ஓடாது. தப்பு என்று திரையில் வந்து நிற்கும்.

"இன்டர்நெட் வந்தா ஓடும். இப்போதைக்கு மனப்பாடம் பண்ணிக்கோங்க."

பதினெட்டுப் பேரும் தலையாட்டினோம். இரண்டு மாதம் நானும் ஆட்டினேன்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஒருநாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்குமா இத்த எழுதிக்கினே கீற? அந்தாளு ஒரு தபா ஓட்டிக் காட்னானா?"

"நெட் வந்தா ஓடும்பா."

"ஓட்டத் தெரியாதவன எங்க யார்டுல கேட்டு வாசலாண்டகூட வுட மாட்டாங்க. இவன் கிளாஸ் எடுக்கிறானா?"

கோபம் வந்தது, அப்பாமீது. ஆனால் மறுநாள் மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் திரையில் இருந்ததையெல்லாம் திறந்து பார்த்தேன். நாங்கள் படித்த புரோகிராம் மொழியின் கையேடு முழுவதும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. படிக்க இன்டர்நெட் வேண்டியதில்லை. அதிலிருந்த உதாரணங்களில் சில வரிகள் நாலு இடம் உள்ளே தள்ளி இருந்தன. எந்த வரி எதற்குக் கீழே சேரும் என்பதை மெஷின் அதை வைத்துத்தான் புரிந்துகொள்கிறது. மாஸ்டரின் ஜெராக்ஸிலோ எல்லா வரியும் ஓரத்தில் ரேஷன் கடை வரிசைபோல் நின்றது. இதில் கொடுமை என்னவென்றால், அடிக்கும்போது மெஷினே வரியைத் தானாக உள்ளே தள்ளிக் கொடுக்கும். நாங்கள்தான் போர்டில் இருப்பதுபோல் இருக்கட்டும் என்று அழித்து அழித்து ஓரத்துக்கு இழுத்து வந்திருக்கிறோம்.

அன்று அழிக்கவில்லை. ஒற்றையா இரட்டையா என்று சொல்லும் புரோகிராம் ஓடி, '7 ஒற்றைப்படை எண்' என்று திரையில் பதில் வந்தது. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். "ஏய், உனுக்கு மட்டும் நெட் வந்துகீதா?"

மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜெராக்ஸ் கட்டைப் புரட்டித் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"யாரு உன்ன செட்டிங்ஸ மாத்தச் சொன்னது?"

"செட்டிங்ஸ் இல்ல சார், ஸ்பேஸ்."

"சிஸ்டத்த கெடுத்துட்டுப் போயிடாத," என்று சொல்லி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

மறுநாள் போர்டில் வரிகள் உள்ளே தள்ளி இருந்தன. "இனிமே நாலு ஸ்பேஸ் வுடணும். புது ரூல் வந்துகீது." பதினேழு தலைகள் குனிந்து எழுதின. கண்ணால் பார்த்தவளும் 'புது ரூல்' என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டாள். மாஸ்டர் பொய் சொல்லிப் பிழைக்கிறவர், அவரை விடலாம். இவளை என்ன சொல்வது?

அதற்குப் பிறகு போர்டைப் பார்ப்பதையே விட்டேன். மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மூன்று மாதத்தில் அந்தக் கையேட்டை முழுதாகப் படித்து முடித்தேன். புரியாத சொல்லுக்கு அகராதி. புரியாத வரிக்கு, ஓடும்வரை அடித்துப் பார்ப்பது. கடைசியில் எல்லோருக்கும் ஒரே சான்றிதழ், ஒரே 'மிகச் சிறப்பு'. நான் வாங்கப் போகவில்லை.

அடுத்த வருடம் காட்டுப்பள்ளியில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தது. எப்படியோ தெரிந்துகொண்டு மாஸ்டர் போன் செய்தார். "போட்டோ ஒண்ணு அனுப்பும்மா, பேனர் வைக்கணும்."

"நீங்க கத்துக்குடுத்தது எதுவும் ஓடல சார்," என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஆனாலும் பேனர் வந்தது. சேரும்போது கொடுத்த போட்டோவைப் பெரிதாக்கி மருந்துக் கடைக்கு மேலே கட்டியிருந்தார்கள். பஸ்ஸில் வரும்போது பார்த்துவிட்டு அப்பா வீட்டில் வந்து சொன்னார்: "உன் மூஞ்சி நல்லாத்தாம்மா கீது. அந்தாளு மூஞ்சிதான் உன்னுத விட பெருசா கீது."