தடை போட்ட நாளில் இருபத்திரண்டு பேருக்குச் சாப்பாடு

காலை ஐந்து மணி பத்து நிமிடம். மெயின் அருவிப் படிகளில் முதலில் பார்த்தது, குறுக்கே கட்டியிருந்த நீலக் கயிற்றை. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர், குளிக்கிற இடத்துக்கு மேலே இருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டி, செம்மண் நிறத்தில், ஒடிந்த கிளைகளோடு விழுந்துகொண்டிருந்தது. கயிற்றருகே மழைக்கோட்டு போட்ட காவலர் ஒருவர் பன் தின்றுகொண்டிருந்தார். எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை என்றார். எப்போது நீக்குவார்கள் என்று கேட்டேன்.

"தண்ணிட்ட கேளுங்க," என்றார்.

குற்றாலத்தில் செய்தியாளனாக இருப்பவனுக்கு ஆனியிலும் ஆடியிலும் இதுதான் முதல் வேலை. செல்போனில் இரண்டு வரி அடித்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். நான் வீடு வந்து சேர்வதற்குள் அது இணையத்தில் வந்துவிட்டது.

வீட்டின் பின்பக்கம் மதினி கோழிக்கறிக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். அண்ணன் ராணுவத்தில், வடக்கே. மாடியைச் சீசனுக்கு வாடகைக்கு விடுவது எங்கள் வீட்டில் பல வருட வழக்கம். தங்க வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது மட்டும் இந்த வருடம் மதினி தொடங்கியது. சீசன் இல்லாத மாதங்களில் அவர் பீடி சுற்றுவார். தட்டை மடியில் வைத்துக் குனிந்தே இருந்து கழுத்து பிடித்துக்கொண்டது. சமையல் நிலைத்துவிட்டால் பீடித் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முதல் பெரிய கூட்டம் அன்றைக்குத்தான் வருவதாக இருந்தது: அருப்புக்கோட்டையில் ஒரே தெருவைச் சேர்ந்த இருபத்திரண்டு பேர், ஒரு வேனில். அவர்கள் சாப்பிட்டுப் போய் நாலு பேரிடம் சொன்னால்தான் அடுத்த வேன்.

"என்ன தம்பி, அதுக்குள்ள பேப்பர்ல போட்டுட்டியளா?"

"பேப்பர்ல நாளைக்குத்தான் மதினி. போன்ல வந்துட்டு."

"ஒரு பத்து மணிக்கா அனுப்பினா ஒங்க ஆபீஸ்ல வேலைய விட்டுத் தூக்கிருவானோ?"

இலத்தூரிலிருந்து உதவிக்கு வந்திருந்த பெண் தலை நிமிராமல் சொன்னார்: "அவுகள ஏன் ஏசுதிய யக்கா? அந்த வெங்காயத்தத் தள்ளிவிடுங்க, உரிக்கட்டும். ஊரு நிலமையப் பாத்து அப்பவாவது கண்ணீர் விடுவாக."

உட்கார்ந்து உரித்தேன்.

"தண்ணி விழுதா?" என்று வெளியூரிலிருந்து போனில் கேட்டால், சீசனை நம்பி இருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். ஆட்டோ ஓட்டுபவர், "அருமையா விழுது" என்பார். எண்ணெய் தேய்த்துவிடுபவர், "கூட்டமே இல்ல, உடனே வாங்க" என்பார். தடை போட்ட நாளில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "நீங்க வாரதுக்குள்ள விட்டிருவாங்க." யாரும் இதைப் பொய்யாக நினைப்பதில்லை. பாதி நாள் அப்படித்தான் நடக்கவும் செய்கிறது. கயிறு கட்டிவிட்டால் துண்டு விற்பவரில் தொடங்கி, வடகரையிலிருந்து வாழை இலை கொண்டுவருபவர் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்தப் பதில் எல்லோருக்கும் தேவை.

ஏழு இருபதுக்கு மதினியின் போன் அடித்தது. கறிக் கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். வேனில் வருகிறவர்களில் மூத்தவர் பேசினார்.

"தங்கச்சி, புளியங்குடில டீ குடிக்க நிறுத்திருக்கோம். எவனோ தடைன்னு போன்ல போட்ருக்கான். பிள்ளைகள்லாம் திருச்செந்தூர் போயி கடல்ல குளிப்போம்னு நிக்குதுக. அங்க எப்படி இருக்கு?"

மதினி என்னைப் பார்த்தார். இலத்தூர்ப் பெண், "விட்டிருவாங்கன்னு சொல்லுங்க யக்கா," என்று உதட்டை அசைத்தார். அப்படி மதினி சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். வெங்காயத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

"தடைதான் அண்ணாச்சி. போன்ல போட்டவரு இங்கனதான் வெங்காயம் உரிக்காரு. எப்ப விடுவாங்கன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஆனா கோழி கழுவியாச்சு. கடலு எங்க போவப் போவுது? மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பினா இருட்டுறதுக்குள்ள திருச்செந்தூர் போயிரலாம்."

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒரு குழந்தை அழுதது. யாரோ ஒரு பெண், "கேளுங்களேன்," என்றார்.

"காரம் எப்படித் தங்கச்சி?"

"பிள்ளைகளுக்குத் தனியா வைக்கேன்."

"சரி, வர்றோம்."

மதினி மூச்சு விட்டார். பிறகு என் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தார். "எந்திரிங்க தம்பி. பாதி வெங்காயம் தோலோட போவுது."

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேன் வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அருவியைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், சாரலில் நனைந்ததே போதும் என்று சிலர் சொன்னார்கள். பிறகு கடைவீதியில் இறங்கினார்கள். குளிக்க முடியாதவர்கள் கடை பார்ப்பார்கள். தடை நாளில் நேந்திரங்காய் சிப்ஸும் ரம்புட்டானும் நன்றாகப் போகும் என்று பழக்கடைக்காரர் என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறார். எண்ணெய்க்காரர்கள் மட்டும் பாட்டிலைத் திறக்காமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு இலை போட்டோம். மூத்தவர் மூன்றாவது முறை சோறு கேட்டபோது அவர் மனைவி, "உங்கள வேன் இழுக்குமா பாத்துக்கோங்க," என்றார். குழந்தைகளுக்கென்று வைத்த காரமில்லாத குழம்பைக் குழந்தைகள் தொடவில்லை. அதையும் பெரியவர்களே முடித்தார்கள். கை கழுவிவிட்டு வந்த அந்த அம்மாள், தன் நாத்தனார் வீட்டிலிருந்து பதினைந்து பேர் ஆடி இரண்டாம் வாரம் வந்தால் சமைக்க முடியுமா என்று கேட்டார்.

"வரச் சொல்லுங்க. ஆனா தண்ணிக்கு நான் பொறுப்பில்ல, இப்பமே சொல்லிட்டேன்," என்றார் மதினி. சமையலறைக்குள் வந்ததும் இலத்தூர்ப் பெண்ணின் முதுகில் ஒரு அடி வைத்தார். "ஏட்டி, பதினஞ்சு பேரு!"

இரண்டரைக்குத் திருச்செந்தூர் கிளம்புவதாக ஏற்பாடு. மாடியில் மலைக்காற்று நன்றாக வரும். அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுப் போகலாம் என்று பாயை விரித்தார்கள். மூன்று மணிக்கு நான் ஏறிப் பார்த்தபோது பேச்சுச் சத்தமே இல்லை. மூத்தவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கீழே மதினி தனக்கு இலை போட்டு, கால் நீட்டி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

மூன்று நாற்பதுக்கு எல்லா அருவிகளிலும் தடையை நீக்கினார்கள். எழுப்பட்டுமா என்று கேட்டேன்.

"தூங்கட்டும் தம்பி. தின்ன களைப்பு."

தடை நீங்கிய முதல் அரை மணி நேரத்தில் அந்த வேனிலிருந்து அருவிக்குப் போய்க் குளித்தவர் டிரைவர் ஒருவர்தான்.